பித்தளையில் அம்மா பெயர்

படூர் வீட்டில் மருமகள், மறைந்த என் மனைவியின் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். அந்த வாசனை என்னை 1950களுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. மாமல்லபுரத்தை ஒட்டிய கால்வாயில் உப்பு ஏற்றிப்போகும் அப்பாவின் படகு.

அதன் முகப்பில் ஒரு பித்தளைத் தகடு. அம்மாவின் சீர்க்குடம் நசுங்கியபோது அதை வெட்டி அடித்தது. குடத்தில் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்த ‘தனம்’ என்ற பெயர் தகட்டிலும் இருந்தது. அம்மா இறந்த பிறகு அப்பா அதைப் புளியால் மட்டுமே துடைப்பார். உப்புக்காற்றில் களிம்பு ஏறாதிருக்கத் தேங்காயெண்ணெய் தடவுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் புள்ளிகள் விரலுக்குத் தெரியும்.

ஒரு பொங்கலுக்குச் சித்தப்பா, அண்ணன் சந்தோஷப்படட்டும் என்று செங்கல்தூள் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டார். தகடு தங்கம்போல் மின்னியது. ஏற்கெனவே தேய்ந்திருந்த பெயர் போய்விட்டது.

“எப்டி கீதுண்ணா?”

அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். “நல்லா கீதுடா” என்றார்.

பிறகு விரலை எண்ணெயில் நனைத்து, வெறும் தகட்டில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். அப்பா எழுதி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

“மெதுவா தேய்ம்மா” என்கிறேன் மருமகளிடம். விளக்கின் அடியில் அவளுடைய மாமியார் பெயர் இருக்கிறது.