ஊர் எழுதாத குப்பி

வெள்ளைக்காரன் ஆட்சிக்காலம். கொல்லிமலை உப்பு ஊற்று ஒன்றில், கிருமி ஆய்வுக்காகக் குப்பியில் நீர் பிடித்தேன். நிமிர்ந்தால், எதிரே கொடுவாளோடு ஒரு பெண்.

"உப்பு ஆபீஸுங்களா?"

வரி கட்டாமல் உப்புக் காய்ச்சினால் அப்போது சிறை. அருகே அவள் அடுப்புச் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க, ஆராய்ச்சிக்குத்தான்."

"தண்ணியக் கொண்டு போங்க சாமி. எடத்த மட்டும் சொல்லிராதீங்க. எங்க ஊட்டுக்காரரு ஏற்கெனவே ஜெயில்ல இருக்காரு."

தலையாட்டினேன்.

சென்னை ஆய்வுக்கூடத்தில் அந்த நீரிலிருந்து, உப்பில்லாவிட்டால் செத்துப்போகும் செந்நிறக் கிருமி வளர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம்.

"எடுத்த இடம்?" மேலதிகாரி பேனாவைத் திறந்தார். இடம் சொல்லாவிட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள். அச்சில் என் பெயர் கண்முன் ஆடியது. சொல்ல வாயெடுத்தேன். புகைந்த சாம்பல் நினைவுக்கு வந்தது.

"குறிக்க மறந்துட்டேன் சார்."

கொட்டச் சொன்னார். என் கையாலேயே சாக்கடையில் கொட்டினேன். பொய் சொன்னதற்கு நான் வருந்தியதில்லை. சொல்ல வாயெடுத்தேனே, அதற்குத்தான் இன்றும் கூசுகிறேன்.