குள்ளம்மாளுக்குக் கிடைத்த சமாதானக் குடம்

காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த கடலை விற்ற குள்ளம்மாளின் பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். கிருஷ்ணகிரி பஸ் புறப்படுகிற இரைச்சலிலும் கடைசி சீட்டு வரை போகும். காலையில் எங்கள் தெருக் குழாய்க்கும் அதே குரலோடுதான் வருவாள். வரிசையில் யாராவது அவள் குடத்தை நகர்த்தினால் போதும், அவர்கள் பாட்டன் பூட்டன் எல்லோரும் சந்திக்கு வந்துவிடுவார்கள்.

அவளை அடக்க ஒரே ஆள்தான் உண்டு: தையல்காரர் தஸ்தகீரின் மனைவி அமீருன்னிசா. சண்டை முற்றுகிற நேரம் பார்த்து வந்து, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, "விடுங்கம்மா, தண்ணி நின்னுடப் போவுது" என்பாள். அவ்வளவுதான், அடங்கிவிடும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இது ஒரு தனி வேலை.

காந்தி நூற்றாண்டு வந்தது. எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு சமாதானப் பரிசு கொடுப்பதென்று முடிவானது. புளி மண்டி நஞ்சப்பன் ஓர் எவர்சில்வர் குடம் வாங்கித் தந்தார். யாருக்கு என்று பேச்சு வந்ததும் நான் அமீருன்னிசாவின் பேரைச் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் சங்கத் தலைவி தெரசா டீச்சர், குள்ளம்மாளுக்குக் கொடுக்கலாம் என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அமீரம்மா, நாம பரிசு கொடுத்தாலும் இப்படித்தான் இருப்பாங்க, கொடுக்காட்டியும் இப்படித்தான் இருப்பாங்க. குள்ளம்மாவுக்குக் கொடுத்தா அவ மாறுவா" என்றார் டீச்சர்.

"கன்னே போடாத மாட்டுக்கு யாராச்சும் பால் காசு கொடுப்பாங்களா டீச்சர்?" என்றேன்.

"சந்தையில மாடு பிடிக்கறப்ப அச்சாரம் கொடுக்கறதில்லையா? அந்த மாதிரி வெச்சுக்கோங்க."

கை தூக்கச் சொன்னார்கள். அச்சாரம் ஜெயித்தது. நல்லவளாக இருந்து தொலைத்தால் இதுதான் கதி என்று அமீருன்னிசாவிடம் போய்ப் பொருமினேன். அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

விழா மேடையில் குள்ளம்மாள் குடத்தை வாங்கி, அதில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்ல பொம்பளைன்னு என்னை யாரும் சொன்னதே இல்லீங்க" என்றாள். வாழ்க்கையில் அவளுக்கு மைக் தேவைப்பட்டது அன்றைக்குத்தான்.

டீச்சர் சொன்னபடியே நடந்தது, அதை மறைக்க மாட்டேன். குள்ளம்மாள் சண்டையை விட்டாள். குடத்தைச் சாம்பல் போட்டு விளக்கி, பேர் வெட்டிய பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். யாராவது வரிசையில் முந்தினால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். அவள் படுகிற பாட்டைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், கட்டிக்கொள்ளலாம் போலவும் இருக்கும்.

அடுத்த கோடையில் நஞ்சப்பன் எங்கள் தெருவில் வீடு கட்ட ஆரம்பித்தார். விடியும்போதே பொதுக்குழாயில் ரப்பர் டியூபை மாட்டிவிடுவார். தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம். அது முழுக்க அவர் வீட்டுச் சுவரை நனைத்தது. நாங்கள் ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர் சேந்தினோம். அமீருன்னிசா போய் நயமாகக் கேட்டாள். "ஆகட்டும்மா, நாளையிலேருந்து எடுக்க மாட்டேன்" என்றார் நஞ்சப்பன். மறுநாளும் டியூப் இருந்தது. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் நாளை.

எல்லோர் கண்ணும் குள்ளம்மாள் மேல்தான். அவளோ குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால், பிறந்ததிலிருந்து கிடைத்த ஒரே நல்ல பேர் போய்விடும். எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அமீருன்னிசா கிணற்றிலிருந்து வரும் வழியில் வரப்பில் வழுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. அதைப் பார்த்த குள்ளம்மாள் நேராகப் போய் நஞ்சப்பன் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க மண்டிக்காரரே, உங்க வூட்டுச் செவுரு குடிக்கற தண்ணிய எங்க புள்ளைங்க குடிக்க வாணாமா?"

"சமாதானப் பரிசு வாங்கிட்டு இப்படிப் பேசலாமாம்மா?"

"அப்படின்னா இந்தாங்க, நீங்களே வெச்சுக்கோங்க!" குடத்தை அவர் காலடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுத முடியாது. தர்மபுரி பஸ்ஸுக்குப் போனவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நஞ்சப்பனின் கொத்தனாரே பயந்துபோய் டியூபைக் கழற்றினார். நஞ்சப்பன் டியூபோடு குடத்தையும் தூக்கிக்கொண்டு போனார், வெட்கம் கெட்ட மனிதர்.

குழாயில் தண்ணீர் கொட்டியது. குள்ளம்மாள் மட்டும் பிடிக்க வரவில்லை. அமீருன்னிசா தன் பித்தளைக் குடத்தை நிரப்பி, நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் விடாமல், வீங்கின கையோடு அவள் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். உள்ளே குள்ளம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"போச்சுக்கா. இருந்த ஒரு நல்ல பேரும் போச்சு."

அமீருன்னிசா குடத்தை இறக்கி வைத்தாள். "எனக்குச் சண்டை போடத் தெரியாது கண்ணு. அதனாலதான் இத்தினி வருசமா சமாதானம் பண்ணிட்டுத் திரிஞ்சேன்" என்றாள்.

குள்ளம்மாள் அழுகையை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அடிபட்ட கையோடு உன்னை யார் தண்ணீர் தூக்கச் சொன்னது என்று, தெருக்கோடி வரை கேட்கிற குரலில் அவளோடு சண்டைக்குப் போனாள்.