தாருக்கு அடியில் மூடிய வால்வு

தண்ணீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக வால்வு திறந்து மூடுகிறவர் அவர். எல்லாருக்கும் அவர் 'வால்வு'தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அன்று காலை தபால் நிலையத் தெருவின் நடுவில் பெரிய குழாய் வெடித்தது. தெருக்கோடியில் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே தொட்டியில் மதியம் வரைதான் தண்ணீர் தாங்கும். மாற்றுக் குழாய் மறுநாள்தான் வரும். வெடித்த துண்டை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, இன்ஜினியர் வரைபடத்தை விரித்துத் தலையைச் சொறிந்தார். கோடியில் பள்ளிக்கூடத் தெருக் குழாயோடு இணைப்பு இருக்கிறதே, அந்தப் பக்கமிருந்து ஏன் வரவில்லை?

ஏன் என்று வால்வுக்குத் தெரியும். 'எங்க தண்ணிய அவங்க இழுக்குறாங்க' என்று இரண்டு தெருவும் வாளியால் அடித்துக்கொண்ட காலத்தில், யாரையும் கேட்காமல் இணைப்பை அவர்தான் மூடினார். சண்டை ஓய்ந்தது. நியாயஸ்தர் என்று பெயரும் கிடைத்தது. அப்புறம் மேலே தார் போட்டார்கள். இப்போது வாயைத் திறந்தால் வேலைக்கே உலை.

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் மனைவி போன் செய்தாள். "ஊருக்கே தண்ணி விடுற மனுசன், பொண்டாட்டிய மட்டும் கைய கட்டி உக்கார வச்சிட்டீங்க. உள்ள ரெண்டு பேருக்கு வலி எடுத்திருக்குங்க."

போனை வைத்தவரின் கண் மதிலில் படர்ந்த கொடியில் நின்றது. ஓர் இலையின் நடு நரம்பையே புழு தின்று ஓட்டை போட்டிருந்தது. ஆனால் நுனி வாடவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தார். பொடி நரம்புகள் ஒன்றோடொன்று கைகோத்து ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போயின. அழுத்தம் குறைந்த பக்கம் தண்ணீர் தானே ஓடும். அதற்குத் தெருப்பெயர் தெரியாது.

"சார், பள்ளிக்கூடத் தெருப் பக்கத் தண்ணி வராது. நான்தான் மூடினேன். ஒம்பது வருசமாச்சு."

"இத்தன நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

"நல்ல பேரு வாங்கிட்டிருந்தேன் சார்."

இன்ஜினியர் கோபத்தை மெமோவுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, தாரை உடைக்கச் சொன்னார். துருப்பிடித்த வால்வு மூன்று பேர் தொங்கிய பிறகே அசைந்தது. வால்வு குனிந்து, குழாயில் தன் காதை வைத்தார். உள்ளே சலசலப்பு.

மெமோவில் கையெழுத்துப் போடும்போது மறுபடி போன்.

"வந்துருச்சுங்க. ஆனா ஒரே கலங்கலா இருக்கு."

"ஒம்பது வருசம் மொடங்கிக் கெடந்த குழா. கொஞ்ச நேரம் தெறந்து வுடு, தெளிஞ்சிரும்."