மைக்கில் யார் பெயரைச் சொல்வது?

மைக் பிடித்துப் பிழைப்பவன் தொண்டை கட்டினால்கூடச் சமாளித்துவிடுவான். பெயருக்குப் பின்னால் ‘தான்’ போட்டுச் சொல்லச் சொல்லி வருகிறவர்களைச் சமாளிக்க முடியாது. கம்பம் பக்கம் விசேஷங்களுக்கு அறிவிப்புச் செய்கிறவன் நான். என்னைப் போல மைக்கோடு மாரடிப்பவர்களே, உங்களுக்கும் இந்த எரிச்சல் இருக்கும்.

மாமன் சீர்

தேனியில் ஒரு காதுகுத்து. “பெரிய மாமன் சீர் கொண்டு வருகிறார்” என்றேன். பின்னால் வந்த சின்ன மாமனின் ஆட்கள் சொல்லச் சொன்னபடி, “சீர் கொண்டு வருவது சின்ன மாமன்” என்றேன். பெயர் கடைசிக்குப் போனதும் அதற்குத் தனிக் கனம் வந்துவிடுகிறது. மற்றவர் வெறுங்கையோடு வந்ததாக ஆகிவிடுகிறது. பெரிய மாமன் நேரே என்னிடம் வந்தார்.

“அப்ப நாங்க கொண்டாந்தது என்னப்பா, வாடகைத் தட்டா?”

எரிந்த மோட்டார்

காமயகவுண்டன்பட்டியில் குடிநீர் வராது என்று ஆட்டோவில் அறிவிக்கக் கூப்பிட்டார்கள். மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அதைத் தண்ணீரில்லாமல் ஓடவிட்டுக் கருக்கியிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல வந்தவரும் அவரே. எரித்தது யார் என்று ஜனங்கள் கேட்பார்களே என்றேன்.

“யாரும் எரிக்கலப்பா. மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லு.”

பாராட்டு விழா

சுருளிப்பட்டியில் வாய்க்காலில் விழுந்த குழந்தையை, திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாண்டியம்மாள் குதித்துத் தூக்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது தோட்ட முதலாளியின் கார். பாராட்டு விழா முதலாளிக்கு. “குழந்தையைக் காப்பாத்துனது நம்ம மொதலாளிதான்னு சொல்லு” என்றார் தோட்டத்து மேனேஜர். குதித்ததில் அடிபட்ட காலில் கட்டோடு பாண்டியம்மாள் பந்தல் ஓரத்தில் நின்றிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “குழந்தையைக் காப்பாற்றியது பாண்டியம்மாள்தான்” என்றேன். மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாளே பாண்டியம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வேலை குறைந்துபோய்விட்டதாம். என்னால்தானே என்று அவரைப் பார்க்கப் போனேன். அவர் அழவில்லை, என்னைவிடக் கோபமாக இருந்தார்.

“வேல ஒண்ணும் கொறையலண்ணே. என்னைய நிறுத்துனது மொதலாளிதான். அன்னைக்குச் சொன்ன மாதிரி இதையும் மைக்கில சொல்லுவீகளா?”

அடுத்த விசேஷத்திலேயே சொல்லிவிட்டேன். அதன்பின் சுருளிப்பட்டிக்கு என்னைக் கூப்பிடாததும் யார் செய்ததும் இல்லையாம், அங்கே விசேஷங்கள் குறைந்துவிட்டனவாம்.