மழைச் சத்தத்தில் நின்றுபோன சிரிப்பு

மலேசியாவில், மேரு என்ற ஊரில் லோரி ஓட்டும் அய்யாவுவை எல்லோருக்கும் சிரிப்புக்காரராகத்தான் தெரியும். போன வெள்ளத்தில் அவர் வீட்டு மாடியில் சிக்கிக்கொண்ட பக்கத்து வீட்டாரை, படகு வரும்வரை சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். அதைக் கேள்விப்பட்டு, கஷ்டத்தைச் சிரித்துக் கடந்தவர்களைப் பற்றிக் குறும்படம் எடுக்கும் முகுந்தன் கேமராவோடு வந்திருந்தான்.

“அன்னைக்கு என்ன அங்கிள் சொன்னீங்க?”

“கீழே என் சோபா நீச்சல் பழகுது, யாரும் கூப்பிடாதீங்கன்னேன் லா.”

முகுந்தன் சிரித்தான். அப்போது தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. படியில் தண்ணீர் மோதி மோதி ஏறிய சத்தம் அய்யாவுவின் காதில் மறுபடி கேட்டது. வாசலுக்குப் போய்ச் சாக்கடையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்து போனார்.

“போதும் தம்பி, கேமராவை ஆஃப் பண்ணு.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி வள்ளியம்மா வந்தாள். “பண்ணாதப்பா. அன்னைக்கும் இவருக்கு இதே பயம்தான். பேச்சை நிறுத்தினா அழுதுடுவேன்னு என் காதுல சொல்லிட்டுத்தான் அடுத்த ஜோக்கை எடுத்தாரு.”

அய்யாவு தலை குனிந்தார். இத்தனை நாள் அவளைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது.

“சரி, எடு,” என்றார் கடைசியில். “ஆனா மழை விடுற வரைக்கும் நீ போகக்கூடாது.”

முகுந்தன் போகவில்லை. அய்யாவு வாசலைப் பார்த்தபடியே, அன்று எவ்வளவு பயந்தார் என்பதை முதல் தடவையாகச் சொல்லத் தொடங்கினார்.