வலையில் வந்தது வந்தபடி

உவரிக்காரர் மிக்கேல்ராஜ் பம்பாய்க்கு வந்து தலையே நரைத்துவிட்டது. வீடு செம்பூரில், படகு ட்ராம்பே ஜெட்டியில். மனிதருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கோயிலுக்கோ விருந்தாளிக்கோ மீன் ஒதுக்கினால், செதில் கலையாத பெரிய மீனாகப் பார்த்துத்தான் ஒதுக்குவார். சின்னதைக் கொடுத்தால் அவர் ஊரில் காறித் துப்புவார்களாம்.

கழிமுகத்து வளைவில் மண்ணைக் கொட்டி மேடாக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் படகுக்காரர்கள் ஜெட்டியில் கூடிவிட்டார்கள். மடவையும் கொடுவாயும் குஞ்சாக வளர்கிற சேறு அது. அது போனால் பிழைப்பும் போச்சு. அதிகாரிகளிடம் வாயால் சொன்னால் எடுபடுமா? அதனால் மீன் ஆராய்ச்சி செய்கிற விஜயலக்ஷ்மியைக் கூப்பிட்டார்கள். மாதுங்காவில் வளர்ந்தவர், ஆனால் முழங்கால் சேற்றில் இறங்க முகம் சுளிக்காத பெண்.

"அண்ணா, ஒவ்வொரு தடவை பைவலை தூக்கறச்சயும் எனக்கு ஒரு கூடை எடுத்து வைங்கோ, அளந்து பாக்கணும்" என்றார் மிக்கேல்ராஜிடம். எப்படி எடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தமிழ் பேசுகிற மேடம் தன் படகைத் தேடி வந்துவிட்டார் என்ற பெருமையில் மிக்கேல்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

குளிர்காலம் முழுக்கக் கூடை போனது. ஒருநாள் விஜயலக்ஷ்மி வாடிய முகத்தோடு ஜெட்டிக்கு வந்தார்.

"குஞ்சே இல்லையே அண்ணா. எல்லாம் வளந்த மீன். இதைக் காட்டினா நம்ம பேச்சை யார் நம்புவா?"

"குஞ்சு இல்லையா? வலை பூரா அதுதான மேடம் கெடக்கு."

"அப்போ கூடையில ஏன் வரலை?"

மிக்கேல்ராஜ் மெல்லச் சொன்னார்: "ஒங்களுக்குன்னு நல்லதாப் பாத்து பொறுக்கி வச்சேன்."

விஜயலக்ஷ்மி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நானும் சொல்லியிருக்கணும்" என்றார். அத்தனை அளவையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று வீட்டில் மிக்கேல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "விருந்து நல்லா வச்சிய" என்றாள் மனைவி இருதயமேரி. அவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பக்கத்துப் படகு சுரேந்திரன் ஒரு வழி சொன்னான். "இனி குஞ்சா மட்டும் அள்ளிப் போடும், அண்ணாச்சி. காரியம் சீக்கிரம் முடிஞ்சிரும்."

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. மண் லாரிகள் எந்நேரமும் வரலாம் என்ற பயம் வேறு. ஆனாலும் மிக்கேல்ராஜ் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "அதுவும் பொறுக்குறதுதானல. மேடம் பேரும் கெட்டுப்போவும்."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினார் என்றே சொல்லலாம். நண்டுக்குஞ்சு, பிளாஸ்டிக் பை, விரல் நீள மடவை, ஜெல்லி மீன், எல்லாம் வந்தபடியே கூடைக்குப் போயின. விஜயலக்ஷ்மி அதில் ஒன்றையும் விடாமல் அளந்தார். மிக்கேல்ராஜ் பக்கத்தில் குந்தி, மீனின் வாலை நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தார். இப்படியே மழை வந்து போனது.

கடைசியில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். இருவரும் போனார்கள். விஜயலக்ஷ்மி காட்டிய மீன் அளவுப் படங்களைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மண் கொட்டும் வேலையை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே குஞ்சுகளைப் பொறுக்கிக் கொடுத்தீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். விஜயலக்ஷ்மி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மிக்கேல்ராஜ் எழுந்துவிட்டார்.

"சாப், முன்னாடி நான் பெரிய மீனாப் பொறுக்கிக் கொடுத்தேன்" என்றார், தன் பம்பாய் ஹிந்தியில். "அந்தக் குளிர்காலத்துக் கணக்கு முழுசையும் மேடம் தூக்கிக் குப்பையில போட்டாங்க. குஞ்சாப் பொறுக்கிக் கொடுத்திருந்தா, இதையும் போட்டிருப்பாங்க."

விஜயலக்ஷ்மி ஆமாம் என்று தலையை அசைத்தார்.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வளைவில் மண் கொட்டுவதற்குத் தடை போட்டுவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார்.