பீரோ தர மறுத்த அக்கா

ஜெய்புன் அக்கா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் மீசையில் பாதிக்கு மை பூசியிருந்தேன். அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரத்தநாட்டில் பஸ் ஏறிவிட்டேன். தஞ்சாவூரில் அவர் வீட்டு வாசலில் ஆண்களோடு நின்றபோதுதான், ஒரு பக்கம் கறுப்பு மறுபக்கம் வெள்ளை என்பது நினைவுக்கு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் தோளில் கைவைத்தார். அதன் பிறகு நிஜமாகவே அழுகை வந்தது.

அவருடைய வீட்டுச் சாமான் கடையை இங்கே கூடியிருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கணவர் சவூதியில் இருக்க, கல்லாவில் உட்கார்ந்தவர் அவர்தான். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

என் மகள் கவிதா எம்.பி.ஏ. படித்தபோது இரண்டு மாதம் அந்தக் கடையில் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டியிருந்தது. நான் பத்தாவதோடு நின்ற பம்புசெட் மெக்கானிக். பிள்ளை வேலையில் சேர்கிறாள் என்றுதான் புரிந்துகொண்டேன். அவளுக்குப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, மனைவி, மைத்துனர் சகிதம், தட்டில் பழம், பூ, வெற்றிலையோடு போய் இறங்கினோம். கல்யாணச் சீர் வாங்க வந்திருக்கிறோம் என்று கடைக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்து, பீரோவைத் திறந்து திறந்து காட்டினார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், கண்ணாடி வைத்தது இருக்கிறதா என்று நானும் கேட்டுவைத்தேன்.

அக்கா எழுந்து வந்தார். “பொண்ணுக்கு என்னைக்குண்ணே கல்யாணம்?”

“மேடம், நான் இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கேன்” என்றாள் கவிதா, என்னைப் பார்க்காமல்.

அக்கா தட்டை வாங்கிக்கொண்டார். “நல்லதாப் போச்சு. வாம்மா, வந்து உட்காரு.”

ஒரு நாள் மாலை அவளை அழைத்துவரப் போயிருந்தேன். ஊரில் உள்ள வீட்டுக்கு வாங்க மஸ்கட்டிலிருந்து கேட்ட ஒருவருக்கு வீடியோ காலில் ஃபிரிட்ஜைக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்தது என்று நினைத்து, “இவரு சும்மா பாக்குறாரு, வாங்க மாட்டாரு” என்றாள் பக்கத்திலிருந்தவரிடம். போனுக்குள்ளிருந்து, “ஏம்மா, வாங்குவேம்மா” என்று குரல் வந்தது. கவிதா வெளிறிப்போனாள். அக்கா போனை வாங்கினார். “தம்பி, புள்ள சொன்னது தப்புன்னு நீங்கதான் காட்டணும்.” மஸ்கட்காரர் பெரிய ஃபிரிட்ஜாகவே எடுத்தார்.

படிப்பு முடிந்ததும் கவிதாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அதே சமயம் மைத்துனர் ஒரு வரன் கொண்டுவந்தார். வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கவிதா யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மைத்துனர் முன்னால் எனக்கு வாய் வராது. நான் அதட்டுவதெல்லாம் மோட்டாரைத்தான். “முதல்ல சீருக்குப் பீரோவை வாங்கிப் போடுங்க மாமா” என்றார் மைத்துனர். என் பட்டறைக்கு எதிரிலேயே பீரோ கடை உண்டு. நான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: “பீரோ இல்லைண்ணே.”

“அந்தா வரிசையா நிக்குதேக்கா.”

“எல்லாம் கவிதாவுக்கு எடுத்து வச்சது. சிங்கப்பூர்லேர்ந்து வந்து அவளே வாங்கிக்குவா. உங்க மச்சான் கேட்டா, ஜெய்புன் தரமாட்டேங்குதுன்னு சொல்லுங்க. திட்டுனா என்னையத் திட்டட்டும்.”

கோபித்துக்கொண்டவன்போல எழுந்து வந்தேன். வீட்டில் அதை அப்படியே சொன்னேன். மைத்துனர் அக்காவைத் திட்டித் தீர்த்தார். அவர் ஓய்ந்த பிறகு, “புள்ள போயிட்டு வரட்டும்” என்று எனக்கு வாய் வந்தது.

முதல் விடுமுறையில் வந்தபோது அக்கா கடையில் கவிதா வாங்கிய பீரோ எங்கள் வீட்டில் நிற்கிறது. அதன் கண்ணாடி முன்னால்தான் அன்று மை பூசிக்கொண்டிருந்தேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.

நான் உண்மையிலேயே பீரோ வாங்கத்தான் வந்தேன் என்று அக்கா கடைசிவரை நினைத்திருந்தார். அவர் இறந்த அன்று வீட்டு வாசலில் துண்டுக்குள் வாய்வரை வந்ததை அன்றும் நான் சொல்லவில்லை: இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் அக்கா, அவ்வளவு தூரம் வந்தேன்.